மூச்சு முட்டுகிறவனுக்கு எதற்குப் பூ?

போன பங்குனியில் எங்கள் தெருவில் ஒரு பெண் செத்துப் போனாள். பெயர் வேண்டாம். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தது. அம்மை போட்டிருந்தது. மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்னதை வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு வேப்பிலையை மாற்றிப் போட்டார்கள். ஆத்தா இறங்கியிருக்கிறாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்டக் கூடாது என்றார்கள். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே அவளைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டினார்கள். எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே பங்குனியில் என் வீட்டுக்காரருக்கும் அம்மை போட்டது. அவர் பிழைத்துவிட்டார். எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. கோபமாகத்தான் வரும். எங்கள் விளக்குமாத்துச் சாமியும் அப்படித்தான் பேசுவார், ஆகையால் அவரைக் கும்பிடுகிற சாமியின் பிள்ளைகளுக்கு இது பழக்கமாக இருக்கும்.

என் பெயர் பஞ்சவர்ணம். மாட்டுத்தாவணியில் உதிரிப்பூ வாங்கி, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்து கட்டி விற்கிறேன். வீடு சமயநல்லூர். வீட்டுக்காரர் முருகேசன் வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவர். கூட என் மாமியார். அவரை நான் அத்தை என்பேன்.

வீட்டுக்காரர் உடம்பில் முத்து கண்டதும் அத்தை கையெடுத்துக் கும்பிட்டு, "வந்துட்டியா தாயி" என்றார். நானும் கும்பிட்டேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நிலையில் வேப்பிலை செருகினோம். தாளிப்பதை நிறுத்தினோம். நான் தலையில் பூ வைப்பதை விட்டேன். அம்மை போட்ட வீட்டிலிருந்து வரும் பூவை யார் வாங்குவார்கள்? கடையையும் விட்டேன்.

முதலில் காய்ச்சலும் எரிச்சலும்தான். பிறகு இருமல் வந்தது. பிறகு பேச்சு பாதியில் நின்றது. படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு. உதடு நாவல்பழம் தின்றது போல ஆகிவிட்டது. இரும்பைத் தோளில் தூக்கிப் போகிற மனுஷன் ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்க முடியாமல் என்னைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"ஆத்தா உள்ள இருக்கையில ஊசி குத்துனா அது ஆத்தாளக் குத்துறதுடி" என்றார் அத்தை.

"தெருவுல ஒருத்தி செத்தாளே, கண்ணு தெரியலையா ஒங்களுக்கு?"

"அந்த வீட்டுல என்ன தீட்டுப் பட்டுச்சோ!"

செத்தவள் மேலேயே பழி. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சொம்பைச் சுவரில் எறிந்தேன். அது நசுங்கியதுதான் மிச்சம். நான் ஒருத்தி அவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அம்மை வீட்டுக்குள் கை கொடுக்க யாரும் வர மாட்டார்கள். அம்மா சொல்லை மீற அவரும் தயாராக இல்லை. கடைசியில் அத்தை கொஞ்சம் இறங்கி வந்தார். "பூக் கட்டிப் பாப்போம். ஆத்தா போகச் சொன்னா கூட்டிட்டுப் போ."

ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. கோயிலில் ஆத்தா முன்னால் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. மல்லிகையையும் செவ்வரளியையும் வாழையிலையில் மடித்துக் கட்டியது நான்தான். பூக் கட்டுவது என் தொழில், அதுதான் கொடுமை. இரண்டிலும் மல்லிகையை வைத்துவிடு என்று கை துடித்தது. வைக்கவில்லை. ஆத்தா எனக்கு நல்லதுதான் சொல்வாள் என்று அவ்வளவு நம்பினேன்.

கோயில் வாசலில் விளையாடிய ஒரு பிள்ளை எடுத்துக் கொடுத்தது. பிரித்தால் செவ்வரளி.

அத்தை பெருமூச்சு விட்டு, "சரி, முடிஞ்சு போச்சு" என்றார். எனக்கு முடியவில்லை. நேராகச் சாமி அடக்கமான கொட்டகைக்குப் போனேன்.

சாமியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. ஆரப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருந்தவர், பிறகு எங்கள் பக்கம் வந்து ரோட்டோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்தார். விளக்குமாத்துச் சாமி என்றுதான் பெயர். திருநீறு கொடுக்க மாட்டார். தாயத்து, மந்திரம் எதுவும் கிடையாது. கஷ்டம் என்று போனால் விளக்குமாற்றைக் கையில் கொடுப்பார். "கூட்டிக்கிட்டே கேளு" என்பார். சாமியிடம் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காராதே என்பதுதான் அவர் சொன்ன ஒரே உபதேசம். கல்யாணமான புதிதில் அத்தைதான் என்னை அங்கே கூட்டிப் போனார். அப்போது என் அம்மா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் அழுதுகொண்டே இருந்தேன். "அழுதுக்கிட்டே கூட்டு. குப்பைக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். கூட்டி முடித்தபோது நெஞ்சு லேசாகியிருந்தது. அன்றிலிருந்து அவர்தான் எனக்கு எல்லாம்.

அன்றைக்கும் விளக்குமாற்றை எடுத்தேன். கூட்டவில்லை, தரையை அடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாய்விட்டுத் திட்டினேன். "நீ செத்துட்டா என்னய்யா, காதும் செத்துப் போச்சா? இம்புட்டு வருஷம் ஒனக்குக் கூட்டுனேன்ல? ஒரு வார்த்தை சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. இல்லைன்னா இந்த வெளக்கமாத்த ஒன் சமாதி மேலயே எறிஞ்சுட்டுப் போறேன்." போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. போறேன் என்றேன். திரும்பி வரக் கூடாது என்றுதான் சொன்னேன்.

பின்னால் ஒருவர் கேட்டார், "யாரம்மா இந்த வாங்கு வாங்குற?"

கோபால்ராம் அண்ணன். ஆட்டோ ஓட்டுகிறவர், சௌராஷ்ட்ரக்காரர். அவரும் சாமிக்குக் கூட்ட வருகிறவர். அதற்கு முன் நான் அவரோடு பேசியதில்லை.

"உள்ள படுத்திருக்காரே, அவரத்தான்."

"நல்லா வையி. உசுரோட இருந்தப்ப எங்கள எம்புட்டு வஞ்சிருப்பாரு."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பூக் கட்டிப் பார்த்ததைச் சொன்னதும் அவர் கூட்டுவதை நிறுத்திவிட்டார்.

அவருடைய அப்பாவுக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்ததாம். ஆப்பரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று அவர் அம்மா இரண்டு பொட்டலத்தோடு சாமியிடம் வந்து எடுத்துக் கொடுக்கச் சொன்னாராம். சாமி இரண்டையும் பிரிக்காமலே குப்பையில் போட்டு, குப்பையோடு சேர்த்துக் கூட்டித் தள்ளினாராம். சாமி சொன்னதை அண்ணன் அப்படியே சொன்னார்.

"தாகம் எடுத்தா பூக் கட்டிப் பாத்தா தண்ணி குடிக்கிற? மூச்சு முட்டுறவனுக்கு எதுக்குப் பூ? கல்யாணத்துக்குக் கட்டு, வீடு வாங்கக் கட்டு. எந்தப் பக்கம் போனாலும் உசுரு இருக்கும்னா கட்டிப் பாரு. ஒரு பக்கம் சாவு இருந்தா, அத ஏன் பொட்டலத்துல மடிக்கிற?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூச்சு என்ற சொல்லை நான் அண்ணனிடம் சொல்லியிருந்தேன், உண்மைதான். ஆனால் இந்தக் கதையை வைத்திருந்த மனுஷன் அந்த நேரத்தில் ஏன் அங்கே வந்தார்? நான் கேட்டது ஒரு வார்த்தை. அது வந்துவிட்டது. இதை நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்கு அது போதும்.

"வண்டியில ஏறு. எனக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டிருச்சு, பயமில்ல" என்றார் அண்ணன்.

அத்தை நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றார். "அம்மை போட்ட வீட்டுக்குள்ள வெளியாளு வரக் கூடாது."

"நான் வெளியாளு இல்ல பெரியம்மா. சாமி வெளக்கமாத்துக்காரன்."

சாமி சொன்னதை நான் அத்தையிடம் சொன்னேன். கத்தவில்லை. எனக்கே அது ஆச்சரியம். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாமியா சொன்னாக? அப்ப இன்னொரு தடவை பூக் கட்டிப் பாத்துட்டு..." என்று இழுத்தார்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சை இழுத்துக்கொண்டு பேசினார். "பூ வேணாம்மா... ஆத்தாகிட்ட... நானே... பேசிக்கிறேன்... மூச்சு... வேணும்."

அத்தை நிலைப்படியை விட்டு நகர்ந்தார். அவர் தலையில் உரசாமல் தூக்கிப் போக, நிலையில் செருகியிருந்த வேப்பிலையைத் தன் கையாலேயே உருவினார். அதில் ஒரு கொத்தை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் போய் ஆட்டோவில் ஏறினார்.

அம்மை நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். பெரியவர்களுக்கு வந்தால் சிலருக்கு இப்படி ஆகுமாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். கஷ்டம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். முகத்தில் மூடி போட்டுக் காற்றுக் கொடுத்தார்கள். பிழைப்பார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அத்தை அந்த வேப்பிலைக் கொத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தார். நர்ஸ் பார்த்துவிட்டு எடுக்கவில்லை. "இருக்கட்டும்மா, இதுவும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும்" என்றாள். அவள் நல்லா இருக்க வேண்டும்.

மூடியைக் கழற்றிய அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "பூக்கடையத் தொறந்தியா?" என் மூஞ்சிக்கு நேரே விளக்கேற்றியது போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் அத்தையே வேப்பிலை போட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஆத்தா கோபித்துக்கொள்ளவில்லை. ஏன் கோபிக்கப் போகிறாள்? அவளும் தாய்தானே. ஆனால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு இப்போதும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரும்பு தூக்குவதில்லை. பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலைதான்.

அந்தப் பெண்ணை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அவளுக்கும் பூக் கட்டிப் பார்த்தார்கள். அவளுக்கும் அரளி வந்ததாம். அவள் பிழைக்காமல் என் வீட்டுக்காரர் ஏன் பிழைத்தார்? அவள் என்ன கும்பிடவில்லையா? சாமியிடம் கேட்கிறேன். இதற்கு மட்டும் வார்த்தை வரவில்லை. கூட்டிக்கொண்டேதான் கேட்கிறேன். இப்போது அத்தையும் என்னோடு கூட்ட வருகிறார்.

சாமியின் பிள்ளைகளே, கும்பிடுங்கள். வேப்பிலை செருகுங்கள். வாசலை மட்டும் அடைக்காதீர்கள். நீங்கள் கேட்டது அந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும். எனக்கு ஆட்டோவில் வந்தது.

கடையைத் திரும்பத் திறந்துவிட்டேன். பூக் கட்டிப் பார்க்க மல்லிகையும் அரளியும் வேண்டும் என்று வருகிறவர்களிடம், எதற்கு என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை. கல்யாணத்துக்கு என்றால் கொடுக்கிறேன். உடம்புக்கு முடியவில்லை என்றால் கூடையை மூடிவிடுகிறேன். "பூ விக்கிறவளுக்கு என்னா திமிரு பாரு" என்று வைதுவிட்டுப் போகிறார்கள். வையட்டும். ஒரே ஒருத்தர் வையாமல் நின்று, "அப்ப நான் என்னம்மா பண்ணுறது?" என்று கேட்டார். கோபால்ராம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.