அடுப்பில்லாத சமையல்கட்டு

எனக்கு எழுபத்தி நாலு வயசு. பெத்தது நாலு, நாத்தனார் விட்டுட்டுப் போனது ரெண்டு, ஆக ஆறு பேரை வளத்து ஆளாக்கினேன். பாகூர்ப் பக்கம் எங்க சனத்துல நல்லதானாலும் கெட்டதானாலும் முதல்ல எனக்குத்தான் ஆள் வரும். எங்க போய் இன்னா பேசணும், எதைப் பேசக் கூடாதுன்னு தெரிஞ்சவ நான். அந்தப் பெருமையை மெட்ராசுல ஒரு ஓட்டல்ல தொலைச்சுட்டு வந்தேன்.

மகனோட பொண்ணு, என் பேத்தி, மெட்ராசுல வேலை பாக்கறா. கூட வேலை பாக்கற பையனை அவளுக்குப் பிடிச்சுப்போச்சு. பையனோட அம்மா ஓட்டல் நடத்தறாங்க. அங்கயே சாப்பிட்டுக்கினு பேசி முடிச்சுடலாம்னு கூப்பிட்டாங்க. எங்களைப் பாத்து அவங்களுக்குப் பிடிச்சாத்தான் கல்யாணம். கரும்பு வெட்டற குடும்பமாச்சேன்னு அவங்களுக்கு ஒரு தயக்கம் இருக்குதுன்னு பேத்தி சொல்லியிருந்தா. நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதன்னேன்.

தவளக்குப்பத்துல காரை நிறுத்தி மல்லிப்பூவும் பழமும் வாங்கி, வெத்தலபாக்கு குங்குமத்தோட தாம்பாளத்துல வச்சுக்கினோம். பேத்தி போன் பண்ணி, ஆயா, அங்க எதையும் வேகவைக்க மாட்டாங்க, எல்லாம் பச்சையாத்தான் இருக்கும்னா. பச்சை வேர்க்கடலை தின்னு வளந்தவகிட்டயே சொல்றியாடின்னு அவ வாயை அடைச்சுட்டேன். ஏதோ ரெண்டு காயை நறுக்கி வைப்பாங்கன்னு நெனச்சேன். இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம். கேக்கறது எனக்குப் பழக்கமில்ல.

ஓட்டல்னு போர்டே இல்ல. மரம் சூழ்ந்த பெரிய பங்களா. பேத்தி வாசல்லயே எங்களுக்காக நின்னுக்கினு இருந்தா. செருப்பை வெளிய விடச் சொன்னாங்க. உள்ள எல்லாரும் தாழ்ந்த குரல்ல பேசறாங்க. பையனோட அம்மா வெள்ளைப் புடவையில வந்து கும்பிட்டாங்க. நெத்தியில பொட்டு இல்ல.

எங்க பக்கம் சம்பந்தம் பேசப் போனா, வயசான பொம்பள ஒருத்தி உள்ள போய் அடுப்பைப் பாத்துட்டு வருவா. அடுப்பு இருக்கற இருப்பிலயே அந்த வூடு எப்படின்னு தெரிஞ்சுடும். நானும் யாரையும் கேக்காம உள்ள போனேன். நாலஞ்சு பேரு வெள்ளைச் சட்டை போட்டுக்கினு, பேச்சு மூச்சில்லாம தேங்கா துருவறாங்க, காய் சீவறாங்க. ஒருத்தர் எள்ளு கழுவறாரு. அடுப்பைத் தேடினேன். எங்கயும் எரியல. சூடும் இல்ல, தாளிச்ச வாசனையும் இல்ல.

சாவு விழுந்த வூட்லதான் அடுப்பு எரியாது. பாவம், வரச் சொல்லிட்டோமேன்னு துக்கத்தை மறைச்சுக்கினு நிக்கறாங்கன்னு நெனச்சுட்டேன்.

வெளிய வந்து மகன் காதுல, பூத்தட்டைக் கொண்டுபோய் கார்ல வையின்னேன். துக்க வூட்ல பூவும் குங்குமமும் நீட்டக் கூடாதே. என் பேச்சுக்கு அவன் மறுபேச்சு பேச மாட்டான், எடுத்துக்கினு போயிட்டான். அப்புறம் அந்தம்மா கையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினு, எல்லார் எதிர்லயும் கேட்டேன்.

"சொல்லியிருந்தா இன்னொரு நாள் வந்திருப்போமே தாயி. யாரு தவறிப்போனது?"

பேத்தி "ஆயா"ன்னா.

அந்தம்மா மெதுவா கையை உருவிக்கினாங்க. "யாரும் தவறலைம்மா. இங்க அடுப்பே வைக்கல. சமைக்காத சாப்பாடுதான் நாங்க குடுக்கறது."

அந்த நேரம் அவங்க வூட்டுக்காரரு உள்ளேந்து சிரிச்சுக்கினு வந்தாரு. எங்க மொகத்தைப் பாத்துட்டு அவரும் நின்னுட்டாரு. கல்யாணம் பேச வந்த எடத்துல, உயிரோட இருக்கற மனுசனை வச்சுக்கினு, நான் சாவைக் கேட்டிருக்கேன்.

சொரக்காயை நூலாட்டம் சீவி நூடுல்சுன்னு வச்சாங்க. முந்திரிப்பருப்பை அரைச்சு தயிருன்னாங்க. தலை தூக்காம எல்லாத்தையும் தின்னேன். ருசி எப்படி இருந்துச்சுன்னு இப்ப கேட்டா சொல்லத் தெரியாது. கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கல. கெளம்பும்போது, தட்டை எடுத்துக்கினு வரட்டுமான்னு மகன் கண்ணால கேட்டான். திருப்பி அனுப்பின தட்டை எந்த மொகத்தோட நீட்டறது? வேணாம்னு தலையாட்டினேன். வர்ற வழியெல்லாம் காருக்குள்ள அந்த மல்லிப்பூ வாசனை. தாங்க முடியாம கண்ணாடியை எறக்கச் சொன்னேன்.

கொஞ்ச நாள் அங்கேந்து பேச்சே இல்ல. இப்ப, வர்ற வெள்ளிக்கெழம உங்க வூட்டுக்கு வர்றோம்னு சொல்லியிருக்காங்க. பேத்தியும் வந்துட்டா. அத்தை, உங்களுக்கு முட்டி வலியாச்சே, அன்னிக்கு ரூம்ல படுத்துக்குங்கன்னு மருமக சொல்றா. அவ மேல தப்பில்ல.

ஆனா அந்தப் பூத்தட்டை என் கையால குடுக்கணும் எனக்கு. வாயைத் தொறக்கத்தான் பயமா இருக்கு. இந்த வயசுல இதுதான் முதல் தடவை. அதனாலதான் அந்தம்மாகிட்ட சொல்ல வேண்டியதை எல்லாம் இந்தக் காயிதத்துல எழுதிட்டேன். மூணாவது வரைக்கும் படிச்சவ எழுத்து, கோணலாத்தான் இருக்கும். தட்டுல பூவுக்குப் பக்கத்துல வச்சுக் குடுத்துடறேன்.

ஏ பேத்தி, இப்படி வந்து ஒக்காருடி. மொதல்லேந்து சத்தமாப் படி. சொல்லக் கூடாத வார்த்தை எங்கனா இருந்தா நிறுத்து, கோடு போட்டு அடிச்சுடறேன்.