அடி பத்தல

என் வீட்டு ஸ்டீரியோவில் ஏதாவது குறை இருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் போய் மாட்டிக்கொண்டேன். ஆம்ப்ளிஃபயரில் ஒரு ஒயர் கழன்றுவிட்டதென்று ஆடியோ கடைக்காரரை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். அவர் அடி அண்ணாமலைக்காரர். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல்களுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவர். ஒயரைச் சரிசெய்துவிட்டு, கண்ணை மூடி ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். பிறகு உப்பில்லாத சாம்பாரை ருசி பார்த்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் ஓகே சார். ஆனா அடி பத்தல."

அடி என்றால் அவர் பாஷையில் பேஸ். நெஞ்சுக்குள் 'தும்' என்று வந்து விழுகிற அந்தச் சத்தம். இருபது வருஷமாக நான் உருகி உருகிக் கேட்ட பாட்டெல்லாம் அந்த ஒரே வார்த்தையில் சப்பென்று ஆகிவிட்டது. அதற்கு மருந்தும் அவரிடமே இருந்தது.

"ஒரு சப்வூஃபர் போடுங்க சார். வெள்ளிக்கெழம எடுத்துட்டுப் போயி வச்சுப் பாருங்க. புடிக்கலன்னா திங்கக்கெழம குடுத்துடுங்க, அவ்ளோதான்."

என் மனைவி ஆறாம் வகுப்பு டீச்சர். நாள் முழுக்க அறுபது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறவள். "ரெண்டு ஸ்பீக்கர் பேசறதே ஜாஸ்தி. மூணாவது எதுக்குங்க?" என்றாள். சங்கீத ஞானம் போதாது என்று நான் அவளை மன்னித்துவிட்டேன்.

மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரரிடம்தான் முறையாக அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஆசிரமத்துப் பக்கம் ஒரே இரைச்சல் என்று சொல்லி எங்கள் மாடிக்கு வந்தவர் அவர். நாற்பது நாள் மௌன விரதம். கழுத்தில் 'மௌனம்' என்று அட்டை. அன்று முப்பத்தாறாம் நாள். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'போதும்'. மெஸ்ஸில் இலை போட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுகிற சொல் அது. வந்த புதிதில், அதைச் சொன்னால் சாம்பார் நின்றுவிடும் என்று பாவம் நம்பினார். நம் பந்தியில் போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி என்று அவருக்கு யார் சொல்வது?

வெள்ளிக்கிழமை கடையிலிருந்து கொண்டுவந்த சப்வூஃபர் பெட்டியைக் காட்டி, கையால் தும் தும் என்று அபிநயம் பிடித்து, "நோ ப்ராப்ளம்?" என்று கேட்டேன். அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். இந்த ஊருக்கு வருகிறவர்கள் மூன்றே வாரத்தில் நம்மைப் போலத் தலையாட்டக் கற்றுக்கொள்கிறார்கள். எதற்கு ஆட்டுவது என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சப்வூஃபரை எங்கே வைப்பது என்பதற்கு யூடியூபில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். அதை நாம் உட்காரும் நாற்காலியில் ஏற்றி வைத்துவிட்டு, நாம் தரையில் தவழ வேண்டும். எந்த இடத்தில் அடி நன்றாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்தை இரண்டு சுற்றுத் தவழ்ந்தேன்.

மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். "இவ்ளோ கஷ்டப்படறதுக்கு மலையச் சுத்திட்டு வந்திருந்தா புண்ணியமாவது கெடச்சிருக்கும்" என்றாள்.

கடைசியில் சாமி அலமாரிக்குக் கீழே இருந்த மூலைதான் தேறியது. பாட்டைப் போட்டேன். அடி இறங்கியது. குங்குமச் சிமிழ் மெல்ல மெல்ல நகர்ந்து வந்து அலமாரி விளிம்பிலிருந்து குதித்தது. அண்ணாமலையார் படம் ஆணியில் ஆடியது. ஆடல் அவருக்குப் புதிதில்லை என்று நான் விட்டுவிட்டேன்.

"போதுங்க" என்றாள் மனைவி. வால்யூம் குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். சனிக்கிழமையும் சொன்னாள். அன்று சமையலறையில் தட்டுகள் எல்லாம் கிணுகிணுத்தன. அதையும் பாட்டோடு சேர்த்து ரசித்தேன். எனக்கு முக்கால்வாசி முடிவாகிவிட்டது. பெட்டி இங்கேயேதான் இருக்கப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கூடத்து மேசையில் கட்டுக்கட்டாகப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மேசை அதிர்ந்து, சிவப்புப் பேனா உருண்டு கீழே விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. "போதுங்க" என்றாள், தலையைத் தூக்காமலே. நல்ல இடம் வரப்போகிறது, அதை மட்டும் கேள் என்று நான் குமிழில் கை வைத்தேன்.

மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். வாசலில் வெள்ளைக்காரர். அட்டை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. இலையை மறைப்பது போல இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். முப்பத்தெட்டு நாளாகப் பயன்படாத தொண்டையிலிருந்து கரகரவென்று வந்தது:

"போதும்!"

உடனே அணைத்துவிட்டேன். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "சாரி, சாரி" என்று நான் குழற, அவர் தன் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டு என்னைவிட அதிகமாகத் திகைத்து நின்றார். பிறகு நான்கு விரலைக் காட்டி, காற்றில் ஒரு முட்டை வரைந்தார். மறுபடியும் முதலிலிருந்து நாற்பது நாள். படியேறிப் போய்விட்டார். நான் மனைவியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மூணு நாளா நான் சொல்றேன், உங்களுக்குக் கேக்கல" என்றாள். "பேசாதவரு ஒரு தடவ சொன்னாரு. கேட்டுடுச்சு."

வெட்கமாக இருந்தது. மூன்று நாள் என்று அவள் சொன்னது தாட்சண்யத்துக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன 'போதும்' எல்லாவற்றையும் நான் பந்தியில் கேட்கிற 'போதும்' மாதிரியே கேட்டு வந்திருக்கிறேன். குனிந்து பேனாவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அடுத்த தாளைத் திருப்பினாள்.

திங்கட்கிழமை பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன்.

"இன்னா சார், அடி பத்தலியா?"

"அடியெல்லாம் பத்திச்சு. எனக்குக் காதுதான் பத்தல."

அவர் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு, தனக்குத் தெரிந்த நல்ல காது டாக்டர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்.

அன்று ஐந்து மணிக்கு அவள் வந்தாள். நான் ஸ்டீரியோ பக்கமே போகவில்லை. காபி குடித்து முடித்து, காலை நீட்டி அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளாகவே, "பாட்டு போடலியா?" என்றாள்.

"வேணாம்."

"போடுங்க. கம்மியா."

போட்டேன். பழைய இரண்டு ஸ்பீக்கர்கள். அடி பத்தவில்லைதான். குமிழை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தேன்.

"போதும்" என்றாள்.

அங்கேயே நிறுத்திக் கையை எடுத்தேன்.