இடப்பக்கம் வெறும் தரை

அபிராமபுரத்தில் நான் எடுபிடி வேலை பார்க்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஓர் இளைஞன், மேசைபோலக் கால்களில் நிற்கும் பெடல் ஸ்டீல் கித்தாரின் அடியில் படுத்து, பெடல்களைத் தன் காலுக்குத் தோதாகத் திருகிக்கொண்டிருந்தான். அந்தக் கிரீச் ஒலியை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

சாந்தோமில் எங்கள் ஒற்றை அறையில் பாதி இடத்தை அப்பாவின் கித்தார்தான் பிடித்திருந்தது. இடது காலால் பெடலை மிதித்து அவர் சுருதியை இழுக்கும்போது தகர டப்பாக்களெல்லாம் அதிரும். நான் ஐந்தாவது படிக்கையில் லாரி மோதி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சின்ன அடிதான் என்றே அம்மா சொல்லியிருந்தாள்.

ஒரு மத்தியானம், அவருடன் கச்சேரியில் டிரம்ஸ் வாசிக்கும் மாமா வந்து, பெடல்களையெல்லாம் கழற்றி வலப்பக்கம் மாட்டினார்.

"இன்னா மாமா, தப்பா மாட்டிக்கினு கீறே? அப்பா திட்டுவாரு."

மாமா அம்மாவைப் பார்த்தார். "புள்ளையாண்ட இன்னும் சொல்லலையா தங்கச்சி?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கித்தாரின் இடப்பக்கம் வெறும் தரை தெரிந்தது.

மறுநாள் அப்பாவைத் தூக்கிவந்து கித்தார் முன்னால் உட்காரவைத்தார்கள். இடது தொடையோடு மடித்துக் கட்டிய லுங்கியை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் வலது காலை நீட்டிப் பார்த்துவிட்டு மாமாவிடம், "எட்டல மச்சி, இன்னும் கொஞ்சம் கிட்ட வை" என்றார்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த இளைஞன் எழுந்து உட்கார்ந்தான். "அண்ணா, இப்ப சரியா கீதா?" என்று என்னைக் கேட்டான். அவனுடைய இரண்டு பாதங்களையுமே பார்த்துக்கொண்டு நின்றேன்.