ஒட்டகக் குட்டிப் படமும் சூசை அண்ணனும்

திண்டிவனம் சூசை அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னாராம்... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் மனைவி ரீட்டா அக்காதான் போன் செய்தார். "சாயங்காலம் அடக்கம். மூணு மணிக்குக் கோயில்ல பூசை. நீ வந்துடுவ இல்ல ம்மா?" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணனைத் தெரியாதவர்களுக்காக... திண்டிவனத்தில் டிவிடி கடை வைத்திருந்தவர். அந்த வியாபாரம் படுத்த பிறகு அதே கடையில் மொபைல் கவர், ரீசார்ஜ். ஆனால் டிஸ்க் எழுதுகிற பழைய கம்ப்யூட்டரை மட்டும் தூக்கிப் போடவில்லை. என் மகன் பரத்துக்காக வைத்திருந்தார்.

பரத்துக்கு ஆட்டிசம். பத்தொன்பது வயது, என்னைவிட உயரம். அவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு கார்ட்டூன் படம்தான். கடலைத் தேடிப் போகும் ஓர் ஒட்டகக் குட்டியின் கதை.

அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அண்ணன் கடையில்தான் அந்த டிவிடியை வாங்கினோம். போட்டுப் போட்டுக் கீறல் விழுந்து பாதியிலேயே நிற்க ஆரம்பித்தது. அண்ணன் டூத்பேஸ்ட் வைத்துத் துடைத்தெல்லாம் பார்த்தார். கடைசியில் அதில் இருந்ததை எல்லாம் எடுத்து வேறு டிஸ்க்கில் எழுதிக் கொடுத்தார்.

அங்கேதான் வினை. படம் எடுத்த விதத்தைக் காட்டும் எக்ஸ்ட்ராஸ் எல்லாம் முன்னால் வந்துவிட்டது, படம் பின்னால் போய்விட்டது. தாண்டிப் போக மெனுவும் கிடையாது.

முதலில் ஒரு தாடிக்காரர் பென்சிலால் ஒட்டகத்தின் முட்டியை வரைவார். அப்புறம் ஓர் அம்மா மணல் மூட்டையைக் குத்திக் குத்தி ஒட்டகம் நடக்கிற சத்தத்தை உண்டாக்குவார். அதற்கும் அப்புறம் படத்தில் சேர்க்காமல் விட்ட ஒரு சீன், கலர்கூட அடிக்காமல் வெறும் கோடாக... அதில் தாய் ஒட்டகம் திரும்பி வரும். இத்தனையும் முடிந்தால்தான் படம்.

"தலைகீழா ஏறிக்கீது ம்மா. நாளைக்கே மாத்தித் தர்றேன்" என்றார் அண்ணன். மாற்றியும் தந்தார். அதற்குள் பரத் தப்பான டிஸ்க்கை மனப்பாடம் செய்துவிட்டான். சரியானதைப் போட்டதும் சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

சில வருடம் கழித்து அதே படம் பெரிய பெட்டியில் புதிதாக வெளிவந்தது. பளிச்சென்று படம், இரண்டு டிஸ்க், தாடி நரைத்த பிறகு அந்தத் தாடிக்காரர் கொடுத்த புதுப் பேட்டி. அண்ணன் ஆசையாக வரவழைத்துக் கொண்டுவந்தார்.

அதில் அந்தத் தாய் ஒட்டகத்துக்குக் கலர் அடித்திருந்தார்கள். பரத் எழுந்துபோய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டான். அவனை வெளியே கொண்டுவர அன்றைய பொழுது முழுக்க ஆனது.

அதன் பிறகு ஒவ்வொரு முறை டிஸ்க் தேயும்போதும் அண்ணன் அதே தப்பைத் திரும்பவும் எழுதித் தருவார். ஒரு சீன்கூட இடம் மாறாமல்.

(தயவுசெய்து கமெண்டில் பென்டிரைவ் யோசனை சொல்லாதீர்கள். டிரே வெளியே வந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும் அவனுக்கு. எல்லாம் பார்த்தாகிவிட்டது.)

அவனுடைய ஸ்பெஷல் ஸ்கூலுக்காகத்தான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்தோம். வயதாகிவிட்டது, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னதிலிருந்து நானும் அவனும் இந்த ஹாலில். அவன் அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார்.

காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை டிஸ்க் ஓடும். நான் பக்கத்திலேயே உட்கார வேண்டும். எழுந்தாலும் முட்டிக்கொள்வான், நிறுத்தினாலும் முட்டிக்கொள்வான். தாடிக்காரர் அடுத்து எந்தக் கோடு போடுவார் என்று எனக்கே தெரியும். சில நாள் அந்தப் பென்சிலைப் பிடுங்கி உடைக்க வேண்டும்போல் இருக்கும்.

சூசை அண்ணன் மேலும் கோபம் வரும். அன்றைக்கு ஒழுங்காக எழுதித் தந்திருந்தால் அந்த எக்ஸ்ட்ராஸ் ஓடுகிற நேரமாவது எனக்கு மிஞ்சியிருக்குமே என்று.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவார். அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) பொட்டலத்தோடு பரத் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "பாருடா, முட்டியப் போட்டுட்டாரு. இப்ப வாலு" என்று அவர் சொல்லச் சொல்ல இவனுக்குச் சிரிப்பு தாங்காது. நான் எழுந்ததைக்கூட கவனிக்க மாட்டான்.

"நீ கெளம்பு ம்மா. நான் பாத்துக்கினு இருக்கேன். ஜல்தியா வரணும்னு இல்ல" என்பார்.

பெரிதாக எங்கும் போக மாட்டேன். காய் வாங்குவேன். ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்... சும்மாதான்.

ஒரு ஞாயிறு புதுச்சேரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். எதற்கு என்று தெரியாது, திரும்பி வருகிற எண்ணம் இல்லை. வளவனூரில் இறங்கி வெகுநேரம் நின்றுவிட்டு எதிர்ப்பக்கம் பஸ் பிடித்தேன். அதைத் தப்பென்று நான் இப்போதும் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. அண்ணன்தான் கதவைத் திறந்தார். "மறுபடியும் மொதல்லேர்ந்து ஓடிக்கினு கீது ம்மா. நீ சாப்டியா?" என்றார்.

இப்போது மணி இரண்டு. பரத் மத்தியான டிஸ்க்கைப் போட்டுவிட்டான்.

அவனைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. கூட்டத்தையும் மேளத்தையும் தாங்க மாட்டான். அவன் அப்பா வந்து சேர ராத்திரியாகும். பக்கத்து வீட்டில் கேட்டேன், பயமாக இருக்கிறது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நாலு மணிநேரம் இவனோடு உட்கார யாரைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். விரல் பழக்கத்தில் 'சூசை அண்ணன்' என்ற பெயரை அழுத்திவிட்டது. ரீட்டா அக்கா எடுத்தார். "கெளம்பிட்டியா ம்மா?" என்றார். போனைக் கட் செய்துவிட்டேன்.

போய் வாங்க அண்ணா. என்னால் வர முடியவில்லை.