இறுகிக்கொண்டே போன பிடி

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில், மில் தொழிலாளர்களுக்கான டிஸ்பென்சரியில் டாக்டராக இருந்தேன். காய்ச்சல், இருமலைவிட லீவு சர்டிபிகேட் கேட்டு வருகிறவர்களே அதிகம். பொய் வலியை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு.

ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த கருப்பையாவை அவருடைய சூப்பர்வைசரே கூட்டி வந்தார். கூடவே மனைவி மாரியம்மாள்.

"நடிக்கான் மேடம்," என்றார் சூப்பர்வைசர். "உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்கான். நாலு எட்டு வச்சுட்டா ஜோரா நடக்கான். ஃபிட்டுன்னு எழுதிக் குடுங்க. இல்லேன்னா இவன் சீட்டக் கிழிச்சிருவாங்க."

கருப்பையாவின் சட்டைப் பையில் பீடிக்கட்டு. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"யாரோ செய்வினை வச்சிருக்காக டாக்டரம்மா," என்றாள் மாரியம்மாள். "எம்புட்டு தண்ணி குடிச்சாலும் வாயி காஞ்சு போகுதுங்காக."

முட்டியில் சுத்தியலால் தட்டினேன். கால் துளியும் அசையவில்லை. இதை யாராலும் நடிக்க முடியாது. இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் பிடிங்க, விடாதீங்க" என்றேன்.

முதலில் குழந்தை பிடிப்பதுபோல இருந்தது. பிறகு பிடி கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, என் விரல் வலித்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியளா, பெலம் வந்துட்டு! ஃபிட்டு போட்டுருங்க டாக்டரம்மா. மூணு பொட்டப் புள்ளைய இருக்கு."

பிடிக்கப் பிடிக்கக் கை ஓயத்தானே வேண்டும்? இவருக்குப் பலம் கூடுகிறது. படிக்கும் காலத்தில் ஒரே வரியில் கடந்துபோன நோய் அது. நுரையீரலில் ஒளிந்திருக்கும் புற்றுநோயை எதிர்க்க உடம்பு கிளம்பும். குறி தவறி, நரம்பும் தசையும் சேரும் இடத்தையும் அடித்துவிடும். எழுந்ததும் கால் வராததும், வாய் காய்வதும் அதனால்தான். இருமல்கூட இல்லாத மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது?

"ஃபிட் தர மாட்டேன். மொதல்ல நெஞ்சுல ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க."

"காலுக்கு வந்தா நெஞ்சப் படம் புடிக்கச் சொல்லுதியளே! எம் பொழப்பக் கெடுக்காதீக!" என்று கருப்பையா கத்தினார். சூப்பர்வைசர் வாயைப் பொத்திச் சிரித்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் படம் எடுத்து வந்தார்கள். நான் நினைத்தது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நுரையீரலில், இதயத்தை ஒட்டி வெள்ளையாக ஒரு கட்டி.

மதுரையில் வைத்தியம் நடந்தது. கால் கொஞ்சம் தேறியது. வேலையும் போகவில்லை. அடுத்த பொங்கலுக்கு ஆள்தான் இல்லை.

இப்போது டாக்டராகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நடிக்கிறார் என்று தோன்றினால், முதலில் உங்கள் கையைக் கொடுங்கள். அசதி என்று யார் வந்தாலும் நான் இன்றும் விரலை நீட்டுகிறேன். அவர்கள் பிடி தளரும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.