குடம் கவிழ்த்த அனுப்பிரியா

எங்கள் தெருவில் அனுப்பிரியாவிடம் வாய் கொடுத்துத் தப்பித்தவர்கள் குறைவு. கடலூர் முதுநகரில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற தெரு. இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். 'ஏன்' என்று கேட்காமல் இந்தப் பெண் பால் பாக்கெட்கூட வாங்கியதில்லை. அந்த ஏன்களில் பாதிக்குப் பதில் தெரியாமல் முழித்த பக்கத்து வீட்டுக்காரி என்கிற உரிமையில் இதை எழுதுகிறேன்.

2010இல் அவள் ஒன்பதாம் வகுப்பு. அம்மா சவரியம்மாள் வீட்டில் தையல் மிஷின் வைத்துத் துணி தைப்பவள். அப்பாவுக்குச் சிதம்பரத்தில் அரிசி மண்டியில் வேலை, வாரக் கடைசியில் வருவார். முந்தைய இரண்டு மழைக்காலத்திலும் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து மிஷின் மோட்டாரைப் பாழாக்கிவிட்டது. "இன்னொரு தடவ தண்ணி வந்துச்சுன்னா வூட்ட வித்துட்டு சிதம்பரம் போயிடறதுதான்" என்று சவரியம்மாள் முடிவு கட்டிவிட்டாள். வெறும் பேச்சில்லை, புரோக்கரிடமும் சொல்லி வைத்தாள். பள்ளிக்கூடம், சிநேகிதிகள், தெரு, எல்லாம் ஒரே மழையில் போய்விடும். அனுப்பிரியா நன்றாக அழுதாள். அழுது முடித்ததும் யோசிக்க ஆரம்பித்தாள்.

பள்ளியில் அப்போது புவி வெப்பமடைதல் பாடம் நடந்தது. மற்ற வகுப்புகள் கண்காட்சிக்காகத் தெர்மாகோலில் பனிக்கரடி செய்துகொண்டிருந்தன. அறிவியல் எடுத்த மாலதி டீச்சர் மட்டும், "கரடி அங்க நல்லா இருக்கட்டும். உங்க தெருவுல என்ன மாறியிருக்கு, எதனால மாறுச்சுன்னு பாத்துட்டு வாங்க. நான் சொல்றதையும் அப்படியே நம்பாதீங்க" என்று அனுப்பி வைத்தார். போயும் போயும் இந்தப் பெண்ணிடமா இப்படிச் சொல்வது!

தண்ணீர் ஏன் வீட்டுக்குள் வருகிறது என்று கேட்டால் தெருவில் எல்லோரிடமும் ஒரே பதில்தான். உலகம் சூடாகிவிட்டதாம். முருங்கை காய்க்காததற்கும் அதுதான் காரணம். என் வீட்டுக்காரர் தன் வழுக்கைக்கே அதைத்தான் சொன்னார். ரோடு போடும் காண்டிராக்டர், "குளோபல் வார்மிங்குமா. அமெரிக்காக்காரனாலயே ஒண்ணும் பண்ண முடியல" என்று கையை விரித்துவிட்டார்.

அனுப்பிரியா நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினாள். அவள் சின்னவளாக இருந்தபோது ஒரு வருஷம் பேய்மழை பெய்திருக்கிறது, அப்போது தண்ணீர் வாசலோடு நின்றுவிட்டது. போன வருஷம் பெய்தது அதைவிடக் குறைவு, ஆனால் அடுப்படிவரை வந்தது. அது அவளுக்கு உதைத்தது.

பிறகுதான் சொந்த வீட்டு வாசலை உற்றுப் பார்த்தாள். முன்பெல்லாம் படியேறி வீட்டுக்குள் போவோம், இப்போது தெருவிலிருந்து இறங்கிப் போகிறோம். வீடு அங்கேயேதான் இருக்கிறது, ரோடுதான் ஏறியிருக்கிறது. எங்கள் பக்கம் ரோடு போடுவதென்றால் பழைய ரோட்டின் மேலேயே ஜல்லியையும் தாரையும் கொட்டி உருட்டுவதுதான், தோசை மேல் தோசை வார்க்கிற மாதிரி. வசதியுள்ளவர்கள் வாசலை உயர்த்திக்கொள்வார்கள், மற்றவர்கள் மணல் மூட்டை அடுக்குவோம். அப்படியும் ரோடு உயர உயர எங்களுக்குப் பெருமை. ஒருமுறை தேங்காய்கூட உடைத்தோம். எங்கள் புத்தியை என்னவென்று சொல்ல!

மழைக்கு முன்னால் மறுபடி ரோடு போட வருகிறார்கள் என்று தெரிந்தது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடும்படி எல்லோரும் சேர்ந்து கேட்போம் என்று அனுப்பிரியா வீடு வீடாகப் போனாள். வருகிற ரோட்டைக் கெடுக்கிறாளே என்று தெருவே எகிறியது. பெரிய சத்தம் தேவசகாயத்துடையது. ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், அப்போதுதான் முன்வாசலை உயர்த்திப் புது கேட் போட்டிருந்தார்.

"சுரண்டு, அது இதுன்னு இழுத்தா ரோடு பக்கத்து வார்டுக்குப் போயிடும். எங்க வூட்டுக்குத் தண்ணி வராது. உலகம் சூடாவறதுக்கு நீ என்னடி பண்ணுவ?"

"மழைய ஒண்ணும் பண்ண முடியாது மாமா. இனிமே பேஞ்சா ஒரேடியா கொட்டும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. அதனாலதான் ரோட்டப் பாக்கச் சொல்றேன். ரோடு நாம போடறதுதானே?"

அவர் மசியவில்லை. "சரி, தண்ணி எங்க போவுதுன்னு எல்லாருமா பாத்துடலாம் மாமா" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் வகுப்பே ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடத்தோடு வந்தது. அடிபம்பில் அடித்து அடித்து நடுரோட்டில் கவிழ்த்தார்கள். சாக்கடைப் பக்கம் ஒரு சொட்டு போகவில்லை. என் வாசலுக்கு வந்தது, சவரியம்மாள் வாசலுக்கு வந்தது. மிச்சம் தேவசகாயத்தின் புது கேட்டைத் தொடாமல் பக்கத்துச் சந்துக்குள் திரும்பியது. சற்று நேரத்தில் அவர் வீட்டுக் கொல்லையிலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க! காயப்போட்ட கருவாடெல்லாம் நனையுதுங்க!"

தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தேவசகாயம் முறைத்தார், பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ரோடு ரோலர் வந்த அன்று அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் அவர்தான். சுற்றிலும் நாங்கள் எல்லோரும். "சுரண்டாம ஒரு ஜல்லி வுழக் கூடாது" என்றார். காண்டிராக்டர் குளோபல் வார்மிங்கை ஆரம்பித்தார். "அதுக்குத்தாங்க கேக்கறோம்" என்றாள் அனுப்பிரியா. நகராட்சி இன்ஜினியர் வந்தார், வாசல்களைப் பார்த்தார், சுரண்டச் சொன்னார். பழைய தார் லாரி லாரியாகப் போனது. சாக்கடையையும் தூர்வாரினார்கள். புதைந்துகிடந்த படிகள் வெளியே வந்தன.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டியது. சவரியம்மாள் மிஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள். மகள் பக்கத்தில் நின்றாள். தெருவில் தண்ணீர் புரண்டு வந்தது, முதல் படியை நனைத்தது, திரும்பிச் சாக்கடையைப் பார்த்து ஓடியது. மத்தியானம் வரை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மழையில் புரோக்கர் குடை பிடித்துக்கொண்டு ஒரு ஆளைக் கூட்டிவந்தார். வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது பார்த்தால் விலையை அடித்துப் பேசலாம் என்று வந்த ஆள் போலிருக்கிறது. காய்ந்த தரையைப் பார்த்து இருவரும் விழித்தார்கள்.

"என்னாம்மா, வூட்டக் குடுக்கறதா சொன்னீங்களே?" என்றார் புரோக்கர்.

"தண்ணி வர்ற வூட்டத்தான குடுக்கறதா சொன்னேன்?" என்றாள் சவரியம்மாள். "இங்க ஏது தண்ணி?"