துண்டுத் துணியில் மாமன் கோடி

அக்கா இருந்தாள். அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு மச்சான், இருந்தார். மச்சானின் அக்கா இருந்தார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தெருப் பெண்கள் ஐந்தாறு பேர். கொல்லையில் ஓலை மறைப்புக்கு உள்ளே ஈரத் துணியோடு அக்கா மகள். அப்புறம் நான், கையில் பித்தளைத் தாம்பாளத்தோடு.

செந்துறைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். யுத்த காலம். அக்கா மகள் பெரியவளாகி, அன்றைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் பக்கத்தில், தண்ணீர் ஊற்றியதும் தாய்மாமன் கொண்டுவந்த கோடியைத்தான் பெண் உடுத்த வேண்டும். கோடி என்றால் ஒருத்தர் மேலும் படாத புதுத் துணி. அதை உடுத்திய பிறகுதான் வீட்டுக்குள் வரலாம். அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான்.

துணிக்குக் கண்ட்ரோல். ரேஷன் கார்டுக்குக் கிடைத்தது தாவணிக்கும் ரவிக்கைக்கும் சரியாகப் போயிற்று. பாவாடைக்கு இல்லை. ஒளித்து விற்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்ன விலை எனக்கு எட்டாது.

நான் அப்போது அரியலூரில் ஒரு பாயின் தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். சட்டைக்குப் பொத்தான் துளை தைக்கிற வேலை. வெட்டின மிச்சத்தையெல்லாம் பாய் ஒரு சாக்கில் போட்டு வைப்பார், தலையணைக்கு அடைக்க.

"பாய், அந்தச் சாக்கக் கொஞ்சம் தாங்க. பாவாடை தைக்கணும்."

"யாருக்குப்பா?"

"அக்கா பொண்ணுக்கு. மாமன் கோடி."

கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப கறுப்பு எடுக்காத. நாளைக்கு நான் தொழுவப் போயிடுவேன், மெஷின்ல நீ உக்காந்துக்க. ஊசிய ஒடச்சுடாத. துணியாச்சும் கார்டுல கெடைக்குது, ஊசி அதுலயும் இல்ல."

மல், பாப்ளின், சீட்டி, கோடு போட்ட சட்டைத் துணி. எல்லாம் கையகலத் துண்டு. ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தேன். புதுத் துணியில் கஞ்சி வாசனை இருக்கும். அது இருந்ததை மட்டும் ஒதுக்கினேன். இரண்டு மூன்றை மேலும் கீழும் ஒட்டுப் போட்டால் ஒரு பட்டை ஆகும். பட்டைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தேன். நீலத் துண்டு ஒன்று மட்டும் ஒட்டே இல்லாமல் இடுப்பிலிருந்து கால் வரை வந்தது. அதை முன்பக்கம் வைத்தேன். நாடா கோத்து, பெட்டி போட்டு, காலையில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடின பஸ்ஸில் கிளம்பி வந்து சேர்ந்தேன்.

கோடிக்கு மூலையில் மஞ்சள் வைப்பது பெண்ணின் அத்தைக்கு உள்ள முறை. அதனால் அண்ணிதான் பாவாடையை எடுத்து உதறினார்.

"என்ன தம்பி இது, அரியலூரு சந்தையே வந்து நிக்குது."

பெண்கள் சிரித்தார்கள். மச்சான் தரையைப் பார்த்தார்.

"துண்டுத் துணிதான் அண்ணி. ஆனா ஒருத்தரும் கட்டாதது."

"கட்டாதது கோடிதானே," என்றாள் அக்கா.

"நான் இல்லேங்கலியே." அண்ணி பாவாடையை உள்பக்கம் திருப்பினார். தையல் ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். நீலத்தில் விரல் நின்றது. மடிப்புக்குள்ளே ஒரு கோடு, இரண்டு புள்ளி, கறுப்பில். எந்த வீட்டுத் துணி என்று தெரிய, சலவைக்காரர் சேங்கொட்டை மையால் போடுகிற குறி.

"இது வெளுப்புக்குப் போயிட்டு வந்த துணி தம்பி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாரோ ஒரு பெரிய ஜிப்பாவைப் பிரித்துப் பையனுக்குச் சட்டை ஆக்கிக்கொண்டு போனார்கள். அந்த மிச்சம். சலவைக்காரர் போட்ட கஞ்சியைப் புதுத் துணிக் கஞ்சி என்று எடுத்துவிட்டேன்.

"எவனோ கட்டிக் கழிச்சதக் கொண்டாரவா மாமன்," என்றார் மச்சான். சத்தமாகச் சொல்லவில்லை.

நான் அண்ணியைப் பார்த்து, "மத்ததையும் பாத்துடுங்க," என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். ஒரு தையல் விடாமல் பார்த்தார். எல்லோரும் நின்றோம்.

"மத்தது சுத்தம். இத எடுத்துடு."

காஜா எடுக்கிறவன் சட்டைக் காலரில் எப்போதும் ஊசி நூல் குத்தியிருக்கும். தரையில் உட்கார்ந்து பிரித்தேன். மெஷின் தையல் சுலபத்தில் விடவில்லை. பழக்கத்தில் நூலைப் பல்லுக்குக் கொண்டுபோனேன்.

"கடிக்காத. கோடி எச்சியாயிடும்."

ஊசி முனையாலேயே ஒவ்வொரு தையலாக நெம்பி எடுத்தேன்.

மறைப்புக்குள்ளிருந்து, "மாமா, குளுருது," என்றாள்.

"இரு தாயி."

"எதப் பிரிக்கிறீங்க?"

"நீலத்த."

"அதான் நல்லாருந்துச்சு." ஓலை இடுக்கில் பார்த்திருக்கிறாள்.

"வந்து நீயே பிரிச்சுக்கடி," என்றாள் அக்கா. மச்சான்கூடச் சிரித்துவிட்டார்.

நீலத்தை எடுத்துத் தனியே வைத்தேன். பக்கத்துப் பட்டைகள் இரண்டையும் இழுத்துச் சேர்த்துக் கையால் தைத்தேன். சுற்று கொஞ்சம் குறைந்தது. கொடுத்தேன்.

அண்ணி மஞ்சளில் விரலைத் தொட்டார். பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூலையில வைக்கணும். இதுல மூலை எதுன்னு சொல்றது?"

யாருக்கும் தெரியவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு துணித் தானுல வெட்டுனது. ஒவ்வொண்ணும் ஒரு கோடிதான்," என்று அண்ணியே சொன்னார். முதல் துண்டின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார். அடுத்ததில் ஒன்று. பெண்கள் எண்ண ஆரம்பித்தார்கள். கிண்ணத்தில் மஞ்சள் தீர்ந்து, அக்கா மறுபடி குழைத்துக்கொண்டு வந்தாள்.

"கல்யாணத்துக்குக்கூட இத்தன கோடி வராதுங்க," என்றாள் ஒருத்தி மச்சானிடம். மச்சான் தன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அக்கா மகள் அதை உடுத்திக்கொண்டு வீட்டுக்குள் போனாள். மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது.

நாற்பத்தொரு பொட்டு.